புதுப்பிப்பு: வயிற்று உப்புசமும் அஷ்ட சூர்ணமும்

சாப்பிட்டு எழுந்ததுமே வயிறு உப்பி, இரவு வரை ஏப்பமாக வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் சீரகத் தண்ணீரும் ஓமமும் சொன்னீர்கள். அந்த நேரத்துக்குக் கேட்டது. மறுநாள் பழைய கதைதான்.

அப்புறம் ஓர் ஆயுர்வேத வைத்தியரைப் பார்த்தேன். நாக்கைப் பார்த்தார், பசி எப்போது எடுக்கிறது என்று நிதானமாக விசாரித்தார். கொடுத்தது அஷ்ட சூர்ணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, பெருங்காயம் என எட்டுச் சரக்கு. சூடான சோற்றில் நெய் விட்டு, பொடியைப் பிசைந்து முதல் கவளமாகச் சாப்பிட வேண்டும். பெருங்காய வாசனை கழுவிய பிறகும் விரலில் நிற்கிறது. முதலில் ஏப்பம் குறைந்தது, பிறகு மாலை உப்புசமும். ராத்திரித் தயிரை நிறுத்தச் சொன்னார். அதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். மொச்சை, கொண்டைக்கடலை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பி.பி. உள்ளவர்களே, இந்துப்பும் உப்புதான். அல்சர், நெஞ்செரிச்சல் இருந்தால் இந்தக் காரம் வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ சூர்ணத்தை நம்பிக் காத்திருக்காமல் உடனே குடல் மருத்துவரைப் பாருங்கள்.