5090 கார்டுக்குக் கஸ்டம் லூப்: தேவைதானா, தேவையென்றால் எப்படித் திட்டமிடுவது?

கார்முகில்:

வணக்கம். ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலியும் ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டும் கொண்ட கணினி ஒன்றுக்கு முழுமையான வாட்டர் கூலிங் (கஸ்டம் லூப், அதாவது பாகங்களை நாமே கோத்து நீரைச் சுற்றி ஓடவிடும் அமைப்பு) அமைக்க எண்ணியுள்ளேன். 4கே தெளிவுத்திறனில் மணிக்கணக்கில் விளையாடுவதற்கான கணினி இது. கேஸின் மேற்புறத்தில் ஒரு 360 மி.மீ. ரேடியேட்டரும் (நீரின் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்றும் பாகம், மூன்று 120 மி.மீ. ஃபேன்களை ஏற்கும்) முன்புறத்தில் இன்னொன்றும் பொருந்தும். ரிசர்வாயருடன் (நீர்த்தொட்டி) இணைந்த டி5 வகைப் பம்ப், 16 மி.மீ. பிஇடிஜி (ஒருவகைப் பிளாஸ்டிக்) கடினக் குழாய்கள், செயலிக்கும் கார்டுக்கும் தனித்தனி வாட்டர் பிளாக் (சில்லின்மேல் அமர்ந்து வெப்பத்தை நீருக்கு மாற்றும் உலோகப் பாகம்) என்பது இப்போதைய திட்டம்.

பொருள்களை வாங்கத் தொடங்கும் முன் சில ஐயங்கள் உள்ளன. இரண்டு ரேடியேட்டர்கள் போதுமா? செயலிக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு ரேடியேட்டர் வந்தே ஆக வேண்டுமா? பெரிய ரிசர்வாயர் வைத்தால் வெப்பம் குறையுமா? இந்தத் திட்டமே வீண் என்று கருதுவோரும் காரணத்துடன் எழுதினால் மகிழ்வேன்.

எஃகுச்சிறகு:

கடைசி வரியில் நீங்கள் அளித்த அனுமதியை நம்பி எழுதுகிறேன். வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் செயலியை எடுத்துக்கொள்வோம். 9800எக்ஸ்3டியின் மின்வரம்பு 162 வாட். விளையாட்டின்போது அது 100 வாட்டைத் தாண்டுவதே அரிது. கணக்கிடும் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மி.மீ. மட்டுமே என்பதால், வெப்பம் அந்தச் சிறு பரப்பிலிருந்து வெளியேறி உலோக மூடியை அடைவதில்தான் தடை இருக்கிறது. மூடிக்கு மேலே நீங்கள் தண்ணீரை ஓடவிட்டாலும் தரமான இரட்டைக் கோபுர ஏர் கூலரை வைத்தாலும் அந்தத் தடை அப்படியே இருக்கும். விளையாட்டில் நீங்கள் காணும் வேறுபாடு சில டிகிரிகளுக்கு மேல் போகாது.

கார்டின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 575 வாட் வரம்புள்ள அந்தக் கார்டைப் பெரிய ஹீட்சிங்குடனும் (வெப்பத்தைப் பரப்பும் உலோகச் செதில்கள்) மூன்று ஃபேன்களுடனும் விற்பவர்கள் அதை 70 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். உற்பத்தியாளர் குறித்த உச்ச வரம்பு 90 டிகிரி. மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு, அதாவது 460 வாட்டுக்கு இறக்கிவிட்டால், வேகத்தில் ஏற்படும் இழப்பு ஒற்றை இலக்க விழுக்காட்டில் முடிந்துவிடும், சத்தமும் குறையும். ஒரு ஃபிட்டிங்கூட (குழாய் இணைப்பி) வாங்காமல் கிடைக்கும் இந்தப் பயனைத் தள்ளிவிட்டு, கசிவு அச்சத்தையும் ஆண்டுதோறும் கூலண்ட் (லூப்பில் ஓடும் திரவம்) மாற்றும் வேலையையும் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? கார்டைப் பிரித்தால் வாரண்டி என்னாகும் என்பதும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். நாளை கார்டை மாற்றினால் அந்த பிளாக் எதற்கும் உதவாது.

நீரோட்டம்:

எஃகுச்சிறகு அவர்கள் செயலியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கார்டைப் பற்றிய முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

5090-இன் சில்லு சுமார் 750 சதுர மி.மீ. பரப்புடையது, அதன்மேல் உலோக மூடி கிடையாது. அதாவது, செயலியில் எந்தத் தடை நமக்குப் பகையாக நிற்கிறதோ அதுவே இங்கு இல்லை. பரந்த வெற்றுச் சில்லின்மேல் பிளாக் நேரடியாக அமர்வதால், வாட்டர் கூலிங்கின் பயன் முழுமையாக வெளிப்படும் இடம் கார்டுதான். 450 வாட்டைத் தாண்டிய கார்டுகளில் நான் முதலில் பார்ப்பது வெப்பநிலை எண்ணை அன்று, அந்த எண்ணுக்காக ஃபேன்கள் எத்தனை சுற்று ஓடுகின்றன என்பதை. கார்டின்மேல் இடுங்கி நிற்கும் மூன்று ஃபேன்கள் செய்யும் வேலையை ஆறு 120 மி.மீ. ஃபேன்கள் மெதுவாகச் சுழன்றே செய்துவிடும். மின்வரம்பைக் குறைப்பது நல்ல யோசனையே. ஆனால் அது லூப்புக்கு மாற்று அன்று, லூப்பிலும் அதைச் செய்யலாம்.

இனி கார்முகில் அவர்களின் ஐயங்கள். விளையாட்டின்போது கார்டுக்கு 575, செயலிக்கு 100 என்று கொண்டால் மொத்தம் 675 வாட். ஃபேன்கள் நடுத்தர வேகத்தில் ஓடும்போது, ஒவ்வொரு 120 மி.மீ. ரேடியேட்டர் பரப்பும் அறைக்காற்றைவிட 10 டிகிரி சூடான நீரிலிருந்து ஏறத்தாழ 100 வாட்டை வெளியேற்றும் என்பது பலரும் கையாளும் தோராயக் கணக்கு. உங்களிடம் ஆறு பரப்புகள் இருப்பதால் ஒன்றுக்கு 112 வாட் வருகிறது. அறை 28 டிகிரி என்றால் நீர் 39 அல்லது 40-இல் நிலைகொள்ளும். கார்டு அதற்கு மேல் ஒரு 15 டிகிரி ஏறும். ஆகவே இரண்டு ரேடியேட்டர்கள் போதும், ஆனால் தாராளம் என்று சொல்ல மாட்டேன்.

வரிசை பெரும்பாலும் பொருட்டில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடாக 4186 ஜூல் வேண்டும். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓட்டம் இருந்தால் 675 வாட்டும் சேர்ந்து நீரைச் சுமார் 3.2 டிகிரிதான் உயர்த்தும். லூப்பின் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் உள்ள இடைவெளியே அவ்வளவுதான். நடுவில் ரேடியேட்டரை நுழைப்பதற்காகக் குழாயை வளைத்து நெளித்துக் கொண்டுபோக வேண்டாம். ரிசர்வாயர் மட்டும் பம்புக்கு முன்னால், அதற்கு மேலே இருக்க வேண்டும். பம்ப் ஒருபோதும் நீரின்றி ஓடக்கூடாது.

ரிசர்வாயர் அளவைப் பற்றி ஒரு வரி: பெரிய பாத்திரம் கொதிக்கத் தாமதமாகும், அடுப்பு எரியும்வரை கொதிக்காமல் இராது. 675 வாட் ஒரு லிட்டர் நீரை ஏறத்தாழ 6 வினாடிக்கு ஒரு டிகிரி உயர்த்தும். கூடுதலாக அரை லிட்டர் வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான அவகாசம், அவ்வளவே.

பளிங்கு:

கணக்கெல்லாம் சரி. ஆனால் பிஇடிஜியை விட்டுவிடச் சொல்லி யாரேனும் எழுதுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்: கடினக் குழாயை விடாதீர்கள், அதை மட்டும் அக்ரிலிக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பிஇடிஜி வளைக்க எளிது, வெட்டும்போது விரிசல் விடாது, தொடக்கநிலையாளருக்கு உகந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நீர் 60 டிகிரியை நெருங்கினால் அது இளகத் தொடங்கும். ஃபிட்டிங்கின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பற்றியிருக்கும் இடம் சற்றே உருமாறினாலும் கசிவுதான். இயல்பான நிலையில் உங்கள் நீர் 40-ஐத் தாண்டாது. பம்ப் நின்றுவிட்டால் கார்டின் பிளாக்குக்குள் தேங்கிய நீர் எவ்வளவு சூடேறும் என்பதை எண்ணிப் பாருங்கள். அக்ரிலிக் அந்த வகையில் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். கண்ணாடிக் கேஸில் இவ்வளவு பொருளைப் போட்டுவிட்டு அழகைப் பேசக்கூடாது என்பது எனக்குப் புரியாத துறவு.

நீரோட்டம்:

துறவு இல்லை, பளிங்கு அவர்களே; பிரித்துக் கோக்கும் வேலையின் கணக்கு. கடினக் குழாய் லூப்பில் ஒரு ராம் குச்சியை மாற்றுவதற்குக்கூடச் சில வேளை பாதி லூப்பை வடிக்க வேண்டிவரும். மென்குழாயில் கார்டை அப்படியே ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். முதல் லூப் அமைப்பவருக்கு 10/16 அளவுள்ள (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ.) கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாயையே பரிந்துரைப்பேன். ஒளிபுகும் பிவிசி மென்குழாய் வேண்டாம். அதிலுள்ள நெகிழ்வூட்டி நாளடைவில் கசிந்து, செயலி பிளாக்கின் நுண்ணிய செதில்களுக்கு நடுவே பிசுபிசுப்பாகப் படிந்து ஓட்டத்தையே குறைத்துவிடும். பால்நிறக் கூலண்டுகளும் அப்படித்தான், அவற்றின் வண்ணத்துகள்கள் படியாமல் இருப்பதில்லை. நிறமற்ற கூலண்டே பாதுகாப்பு.

எஃகுச்சிறகு:

நீங்கள் இருவரும் எந்தக் குழாய் என்று வாதிடும் இந்த நேரத்தில், எந்தக் கார்டு என்பதை யாரும் கேட்கவில்லை. என்விடியாவின் சொந்தப் பதிப்பான ஃபவுண்டர்ஸ் எடிஷனா, வேறு நிறுவனத்துக் கார்டா? ஃபவுண்டர்ஸ் எடிஷன் 5090-இல் மின்சுற்றுப் பலகை மூன்று துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. சில்லின்மேல் வெப்பம் கடத்தும் பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் பூசப்பட்டிருக்கிறது. மின்சாரம் கடத்தும் அந்தத் திரவம், கூலரைக் கழற்றும்போது சிறு துளியாகப் பலகையில் விழுந்தாலும் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காலியம் கலந்த அது அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் பிளாக்கின் உலோகத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். முன்புற ரேடியேட்டர் காற்றை உள்ளே இழுத்தால், அது சூடாக்கிய காற்றைத்தானே மேற்புற ரேடியேட்டர் வாங்கி வெளியேற்றும்? அப்படியானால் ஆறு பரப்புகள் என்ற உங்கள் கணக்கு காகிதத்தில்தான் ஆறு. தண்ணீர் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், தொழிற்சாலையிலேயே 360 மி.மீ. ரேடியேட்டர் பொருத்தி மூடி அனுப்பும் 5090 கார்டுகள் கிடைக்கின்றன. வாரண்டியும் கலையாது.

நீரோட்டம்:

கார்டைப் பற்றிய கேள்வி முற்றிலும் சரியானது. கார்டின் சரியான மாதிரிப் பெயரை பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் தேடிப் பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது. ஒரே நிறுவனத்தின் இரு 5090 கார்டுகளுக்கே பலகை வேறுபடலாம். ஃபவுண்டர்ஸ் எடிஷனாக இருந்தால் முதல் லூப்புக்கு அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

காற்றின் பாதையைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வழி உண்டு. பெரும்பாலான கேஸ்களில் மேற்புற ரேடியேட்டரையும் உள்ளிழுக்கும் வகையில் திருப்பிவிட்டு, பின்புறத்திலும் அடிப்புறத்திலும் ஃபேன் வைத்துக் காற்றை வெளியேற்றலாம். இரு ரேடியேட்டர்களும் அறைக்காற்றைப் பெறும். கேஸின் உட்புறம் சற்றுச் சூடாக இருக்கும்தான். முழு பிளாக் அணிந்த கார்டின் நினைவகச் சில்லுகளும் மின்னழுத்தச் சீராக்கிகளும் நீராலேயே குளிர்வதால் அந்தச் சூடு அவ்வளவாக உறுத்தாது. ஆனால் செயலியை ஏர் கூலரில் விட்டுவிட்டுக் கார்டை மட்டும் நீரில் வைத்தால் இதே ஏற்பாடு கெடுதலாகும், ஏனெனில் அந்தக் கூலர் சூடான காற்றையே குடிக்கும். செயலியையும் லூப்பில் சேர்க்கச் சொல்வதற்கு என்னிடமுள்ள ஒரே வலுவான காரணம் இதுதான்.

மூடிய தொழிற்சாலைக் கார்டு நல்ல நடுவழி. அதில் மூன்று பரப்புகள்தான், 575 வாட் அவற்றின்மேல் விழும். சத்தத்துக்காக இதைச் செய்பவர் அங்கே திரும்பவும் ஃபேன் வேகத்தில் மாட்டிக்கொள்வார்.

கார்முகில்:

அனைவருக்கும் நன்றி. கார்டு ஃபவுண்டர்ஸ் எடிஷன் அன்று. அதன் மாதிரிக்கு நிக்கல் பூசிய செம்பு பிளாக் பட்டியலில் இருப்பதை இப்போதுதான் உறுதிசெய்தேன். ரேடியேட்டர்கள் செம்பாலும் பித்தளையாலும் ஆனவை. ஒரு பழைய அலுமினிய ரேடியேட்டரும் கைவசம் இருக்கிறது. மூன்றாவதாக அதைச் சேர்க்கலாமா? கசிவைச் சோதிப்பது எப்படி என்பதையும் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

பளிங்கு:

அலுமினியத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையத் தொடங்கும். அரிப்புத் தடுப்பான் கலந்த கூலண்ட் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. கூடுதல் பரப்பு வேண்டுமென்றால், ஒன்பது 140 மி.மீ. ஃபேன்களை ஏற்கும் மோ-ரா போன்ற வெளி ரேடியேட்டர் இருக்கிறது. உங்கள் இரண்டு 360-களும் சேர்ந்த பரப்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அழகில் அது என் கட்சி இல்லை என்றாலும் சத்தத்தில் அதை வெல்ல முடியாது.

நீரோட்டம்:

சோதனையைப் பற்றி. புதிய ரேடியேட்டர்களுக்குள் பற்றவைத்தபோது தங்கிய கழிவு இருக்கும். சூடான வாலைவடிநீரை ஊற்றிக் குலுக்கி, தெளிவாக வரும்வரை அலசுங்கள். லூப்பைக் கோத்த பிறகு நீர் ஊற்றும் முன், கைப்பம்புடன் வரும் காற்றழுத்தமானியால் அரை பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, முள் அரை மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மதர்போர்டுக்கோ கார்டுக்கோ மின்சாரம் தராமல், பவர் சப்ளையின் 24 முனை இணைப்பில் இணைப்புச் செருகியைப் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்க வைக்கும் ஜம்பர்) பொருத்திப் பம்பை மட்டும் ஓடவிட்டு நிரப்புங்கள். வடிகால் வால்வைத் தாழ்ந்த இடத்தில் இப்போதே திட்டமிடுங்கள், பிறகு அதற்கு இடம் கிடைக்காது. மின்சாரம் கடத்தாது என்று விற்கப்படும் கூலண்ட்கூட உலோகங்களைத் தொட்டு ஓட ஓடக் கடத்தத் தொடங்கும் என்பதால், கசிந்தாலும் பரவாயில்லை என்ற துணிச்சல் வேண்டாம்.

ஃபேன்களைச் செயலியின் வெப்பநிலையைப் பார்த்து ஓட்டாதீர்கள். அது நொடிக்கு நொடி துள்ளும், ஃபேன்களும் உடன் துள்ளும். 10 கிலோஓம் வெப்ப உணரி ஒன்றை லூப்பில் பொருத்தி, நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப வேகத்தை அமைத்தால் ஒலி ஏறுவதே தெரியாது.

எஃகுச்சிறகு:

இவ்வளவையும் படித்த பிறகும் என் கருத்து மாறவில்லை. மாறாக, வேலைப் பட்டியல் நீண்டதால் உறுதிப்பட்டிருக்கிறது. அந்த 675 வாட்டும் எந்த வழியில் போனாலும் கடைசியில் அதே அறைக்குள்தான் விழும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள், தண்ணீர் அறையைக் குளிர்விப்பதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: பிளாக் வாங்கும் முன், கார்டை அதன் சொந்தக் கூலருடனேயே 460 வாட்டில் சில நாள்கள் ஓட்டிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கார்முகில்:

அதைச் செய்கிறேன், எப்படியும் கார்டில் குறை ஏதுமில்லை என்று தெரியாமல் அதைப் பிரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகும் சத்தம் உறுத்தினால், இரண்டு 360-களையும் உள்ளிழுக்கும் முறையில் வைத்து, ஈபிடிஎம் குழாயுடன் செயலியையும் லூப்பில் சேர்த்துவிடுகிறேன். பளிங்கு அவர்கள் பொறுத்தருள வேண்டும். கடினக் குழாய் அடுத்த கணினிக்கு.