பரிசாக வந்த ஒயினை என்ன செய்யலாம்?

வணக்கம். எங்கள் வீட்டு அலமாரியில் பரிசாக வந்த ஒயின் பாட்டில்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

மஸ்காட்டோ டாஸ்டி ஒன்று. ஆல்கஹால் 5 சதவீதம்தான், ஆனால் எங்களுக்கு அந்த இனிப்பு ஒத்துவராது. திறக்காத பாட்டில் என்பதால் பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிடலாம். சிக்கல், பாட்டில் கண்ணாடியிலேயே எங்கள் பெயரை மார்க்கரால் எழுதியே கொடுத்திருக்கிறார்கள்! கண்ணாடியைக் கீறாமல் அதை அழிக்க முடியுமா?

அடுத்தது 2019 போஜோலே நூவோ என்ற பிரெஞ்சு சிவப்பு ஒயின். “வைக்க வைக்க ருசி கூடும்” என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் நூவோ, விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே குடிக்க வேண்டிய ரகம். அதைச் சமையலுக்காவது பயன்படுத்தலாமா?

இன்னொரு சிவப்பு ஒயினில் கார்க் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. எங்கேயோ வெயிலில் கிடந்திருக்கும்போல. இதை வினிகராக்கலாம் என்கிறார் அக்கா. 13 சதவீத ஆல்கஹாலை அப்படியே விட்டால் அதை வினிகராக்கும் பாக்டீரியா திணறும், தண்ணீர் கலக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டும் பாக்டீரியாவைத் தடுக்குமே, அதை என்ன செய்வது? வீட்டில் வினிகர் போட்டவர்கள் சொல்லுங்களேன்.

போர்ட் ஒயினும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்காதீர்கள், தர மாட்டேன்.