முருங்கை விதை போட்டா டேனரி தண்ணி தெளியுமா?

கேள்வி:
பேர்ணாம்பட்டு பக்கம் ஒரு சின்ன டேனரில (தோல் பதனிடற ஆலை) ஈடிபி, அதான் கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட், பாத்துக்கறேன். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத்தான் செட்டில் பண்றோம், ஆனா ஸ்லட்ஜ் (அடில தங்கற சேறு) மலையா சேருது, காயப்போடற பெட்ல காயறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. அந்தக் காலத்துல எங்க ஆயா ஏரித்தண்ணி கலங்கலா இருந்தா பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டைய வச்சு தேய்ச்சுட்டு தண்ணி ஊத்தி வைக்கும், காலைல பாத்தா அடி தெரியும். அதுவோ முருங்கை விதையோ இங்க வேலைக்கு ஆவுமா? ஓனர் யூடியூப்ல எதையோ பாத்துட்டு தெனம் உயிர வாங்கறாரு.

பதில் 1:
ஆவும்ணா, காலேஜ் ப்ராஜெக்ட்ல பண்ணிருக்கேன். விதைல இருக்கற புரோட்டீன் பாசிட்டிவ் சார்ஜ், தண்ணில மிதக்கற அழுக்கு நெகட்டிவ், ரெண்டும் ஒட்டி திரிதிரியா எறங்கிடும். படிகாரம் மாதிரி பிஎச்ச எறக்காது. தோல் உரிச்சு அரைச்சு எண்ணெய எடுத்துட்டு உப்புத்தண்ணில கலக்கி துணில வடிகட்டுங்க, வெறும் தண்ணிய விட அதுல புரோட்டீன் நல்லா எறங்கும். ஒரே வம்பு, விதைல மிச்சம் கீற சத்தெல்லாம் தண்ணிலயே கரைஞ்சு சிஓடி (தண்ணில கீற அழுக்கு எவ்ளோ ஆக்சிஜன் இழுக்கும்ங்கற அளவு) ஏறும், எனக்கு ரெண்டு நாள்ல பீக்கர் நாறிப்போச்சு.

பதில் 2:
தம்பி, கலங்கல் போவும் சரி, உப்பு எங்க போவும்? பச்சைத்தோல் கெடாம இருக்க போட்டு வர்ற உப்புதான் நம்மூரு டிடிஎஸ், அதான் தண்ணில கரைஞ்சு கீற உப்பு அளவு. அதுக்கு படிகாரமும் ஒண்ணுதான் முருங்கையும் ஒண்ணுதான், ஊறப்போட்ட தண்ணிய தனியா பிரிக்கணும், மிச்சத்துக்கு ஆர்ஓ. டேனரி கழிவு பாலாத்துல கலக்குதுன்னு போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபா அபராதம் போட்டப்ப நான் ராணிப்பேட்டைல தோல் சுத்தற ட்ரம் ஓட்டினு இருந்தேன், அப்பவும் இதே உப்புதான். இன்னொண்ணு, விதை போட்ட ஸ்லட்ஜாச்சேன்னு நிலத்துல கொட்டிடாத, தோல் பதனிட போடற க்ரோம் அதுலதான் உக்காந்துனு கீது. மொதல்ல ஜார் டெஸ்ட் போடு, பீக்கர் பீக்கரா வேற வேற அளவு போட்டு எது தெளியுதுன்னு பாரு.

கேட்டவர்:
போட்டேன்ணா. ஆறு பீக்கர், ஒரு நிமிஷம் வேகமா, இருபது நிமிஷம் மெதுவா கலக்கி, அரை மணி நேரம் சும்மா விட்டேன். வெறும் முருங்கை போட்டது மேல லேசா பால் மாதிரியே நின்னுச்சு, படிகாரத்த பாதியாக்கி மிச்சத்துக்கு முருங்கை போட்டதுதான் மொதல்ல தெளிஞ்சுது. சிஓடிக்கு சாம்பிள் குடுத்துருக்கேன், வரட்டும். ஆயாகிட்ட சொன்னா, ஒரு நாளைக்கு எத்தினி தண்ணின்னு கேட்டுச்சு, ஒரு லட்சம் லிட்டர்னேன். "இம்மாந்தண்ணிக்கு எத்தினி மரம்டா நட்டு வச்சிக்கீற?"ன்னுது.