பாட்டா கல்லறைப் பலகை: ‘லை’யா, ‘லே’யா?

குழு: பாட்டா குடும்பம்

துபாய் சித்தப்பா: நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அப்பாவுக்கு மார்பிள் பலகை பதிக்க வேண்டும். கொத்துகிறவர் இன்றைக்கே எழுத்து கேட்கிறார். ‘ஹியர் லேஸ் அவர் ஃபாதர். ஹி வில் ரெய்ஸ் அகெய்ன்.’ போதும்தானே?

கொளச்சல் அத்தை: நல்லா இருக்கு 🙏

மார்த்தாண்டம் பெரியப்பா: கொஞ்சம் பொறுங்கள். ‘லே’ என்றால் ஒன்றை எடுத்துக் கிடத்துவது. எதைக் கிடத்துகிறோம் என்று பின்னாலேயே வர வேண்டும். கோழி முட்டை இடுவது, கொத்தனார் செங்கல் வைப்பது எல்லாம் ‘லே’. தானாகக் கிடப்பது ‘லை’. ஆகவே ‘ஹியர் லைஸ்’. குழப்பம் எங்கே என்றால், ‘லை’யின் இறந்த காலமும் ‘லே’ தான். லை, லே, லெய்ன். மற்றது லே, லெய்ட், லெய்ட்.

அத்தான்: ‘லைட்’ என்று போட்டால் மாமா?

மார்த்தாண்டம் பெரியப்பா: இங்கே பொய் சொன்னார் என்று ஆகிவிடும்.

கொளச்சல் அத்தை: அதுவும் சரிதான். சக்கைப்பழம் கேட்டு வந்தால் இந்த வருஷம் காய்க்கவே இல்லை என்பார் 😂

மார்த்தாண்டம் பெரியப்பா: அடுத்தது, ‘ரெய்ஸ்’ மற்றொன்றை உயர்த்துவது. பிள்ளைகளை வளர்த்ததைச் சொல்லலாம். தானே எழுவதற்கு ‘ரைஸ்’.

அத்தான்: சோறா?

தக்கலை சித்தி: தமிழில் எழுதினால் என்ன? மாமாவுக்கு இங்கிலீஷே தெரியாது.

துபாய் சித்தப்பா: வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் வாசிக்க வேண்டாமா?

தக்கலை சித்தி: அடக்கத்துக்கே வராதவர்களா?

கொளச்சல் அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மார்த்தாண்டம் பெரியப்பா: இதேபோல் ‘லென்ட்’, ‘பாரோ’. ரப்பர் ஷீட் விற்ற பணத்தை அப்பா ‘லென்ட்’ பண்ணினார். தம்பி ‘பாரோ’ பண்ணினான். கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர்.

துபாய் சித்தப்பா: அதையும் கல்லில் கொத்தணுமா அண்ணா?

கொளச்சல் அத்தை: இன்றைக்கு நெத்திலி மலிவு. யாருக்கு வேண்டும்?

தக்கலை சித்தி: எனக்கு இரண்டு கிலோ

அத்தான்: கொத்துகிறவர் லைனில் நிற்கிறார். என்ன சொல்ல?

துபாய் சித்தப்பா: எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்காம். சுருக்கமாகச் சொல்.

மார்த்தாண்டம் பெரியப்பா: ‘லெய்ட் டு ரெஸ்ட்’ என்றாலும் பிழை இல்லை. அங்கே நாம் கிடத்தினோம். பிறந்த தேதியையும் சேர்க்கலாம்.

கொளச்சல் அத்தை: எந்தத் தேதி? பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஞானஸ்நானப் புத்தகத்தில் வேறொன்று.

அத்தான்: நாளை காலை சொல்கிறோம் என்று வைத்துவிட்டேன்.

தக்கலை சித்தி: நெத்திலி சுத்தம் பண்ணித் தருவாங்களா?