நான்கு மணிக் கையெழுத்தை இரவு பதினோரு மணிக்கே போட்டது யார்?

மூத்தமகள் (இரவு 8.40)

முதியோர் இல்லங்களின் கட்டணம் பற்றிய இழையில் ‘மேற்குமலை’ என்பவர் நேற்று எழுதியிருந்தார்: படுத்த படுக்கையானவர்களுக்குப் புண் வருவது வயதின் இயல்பாம், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்ததற்குப் பதிவேடே இருக்கும்போது இல்லத்தைக் குறைசொல்லும் பிள்ளைகள் நன்றி மறந்தவர்களாம். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அப்படியொரு பதிவேட்டைக் கண்ணால் பார்த்தவள் என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்துபோன என் அம்மாவை மாதம் 28,000 ரூபாய் கட்டணத்தில் ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் பேருந்து தாமதமாகி, இரவு பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கட்டிலின் கால்மாட்டில் கயிற்றில் தொங்கிய அட்டையில் 10, 12, 2, 4, 6 என்று கட்டங்கள் இருந்தன. ஐந்திலும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே கையெழுத்து. விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவை இடப்பக்கம் திருப்பிவிட்டதாக இரவு பதினோரு மணிக்கே எழுதியாகிவிட்டது. அம்மாவோ மல்லாந்தே கிடந்தார். ஒருக்களிக்க வைத்துப் பார்த்தபோது, வால் எலும்புக்கு மேலே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்திருந்தது. மூன்று வாரத்தில் அது என் உள்ளங்கையளவு குழியாயிற்று. வயதின் இயல்பு என்று எழுதியவர் அந்த நான்கு மணிக் கையெழுத்துக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

மேற்குமலை (இரவு 9.15)

அம்மணி, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் கோவைக்கு அருகில் 42 படுக்கைகள் கொண்ட இல்லத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக நடத்துபவன் என்ற முறையில், ஓர் இடத்தில் கண்டதை வைத்து எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டு மணி நேரம் என்பது வேதவாக்கும் அல்ல. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 பராமரிப்பு இல்லங்களில், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வில், இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பியவர்களுக்கிடையே புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பிரிட்டனில் மருத்துவப் பராமரிப்புக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை, அதிக அபாயம் உள்ளவர்களுக்குக் குறைந்தது நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை என்றுதான் சொல்கிறது. தூங்குகிற கிழவியை இரவில் ஐந்து முறை உலுக்கி எழுப்புவதுதான் நல்ல பராமரிப்பு என்று நினைப்பவர்கள், அதை ஒரு வாரம் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

மூத்தமகள் (இரவு 9.31)

நேற்று இரண்டு மணிப் பதிவேட்டைக் காட்டி எங்களை நன்றி மறந்தவர்கள் என்றீர்கள். இன்று இரண்டு மணியே தேவையில்லை என்கிறீர்கள். தேவையில்லையென்றால் உங்கள் இல்லங்கள் அந்தக் கட்டங்களை எதற்காக அச்சடித்து வைத்திருக்கின்றன? நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறைதான் திருப்புவோம் என்று சேர்க்கும் நாளிலேயே எங்களிடம் சொல்லியிருக்கலாமே! நான் கேட்டது ஆய்வைப் பற்றி அல்ல, ஒரு கையெழுத்தைப் பற்றி. என்னை அம்மணி என்று அழைக்கவும் வேண்டாம்.

வார்டுசிஸ்டர் (இரவு 10.05)

அரசு மருத்துவமனை வார்டுகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். இந்த இரண்டு மணிக் கணக்கு யாரோ பொழுதுபோகாமல் போட்டதல்ல. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவும் பகலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்ப வைத்தார். அதுவரை தண்டுவடம் முறிந்தவர்கள் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும்தான் பெரும்பாலும் மாண்டுகொண்டிருந்தார்கள்.

மேற்குமலை சொல்லும் 2013 ஆய்வு உண்மைதான். ஆனால் அதில் பங்கேற்ற எல்லாரும் அடர்த்தி மிகுந்த நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள் என்பதையும், நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை என்று வகுக்கப்பட்டவர்களை உண்மையாகவே திருப்பினார்கள் என்பதையும் அவர் விட்டுவிட்டார். இலவம்பஞ்சு அமுங்கிப்போன மெத்தைக்கும் ரெக்சின் உறை போட்ட தேங்காய்நார் மெத்தைக்கும் அந்த முடிவைப் பொருத்த முடியாது.

மூத்தமகளிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அட்டையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறீர்கள். தோலைப் பார்த்தார்களா என்று கேட்கவில்லையே! வெள்ளைத் தோலில் முதலில் சிவப்புத் தெரியும், விரலால் அழுத்தினால் வெளுக்காது. நம்முடைய நிறத்தில் அந்தச் சிவப்பே கண்ணுக்குத் தெரியாது. புறங்கையை வைத்து, அந்த இடம் மட்டும் சுடுகிறதா, கல்லாக இறுகியிருக்கிறதா என்று தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த இடத்தில் பவுடரைப் போட்டு அழுத்தித் தேய்ப்பது இன்னும் பல இல்லங்களில் நடக்கிறது. அது புண்ணைப் பெரிதாக்கும் வேலை.

மேற்குமலை (இரவு 10.22)

எங்கள் இல்லத்தில் தேங்காய்நார் மெத்தை கிடையாது. படுத்த படுக்கையாக இருக்கும் பதினைந்து பேருக்கும் காற்று ஏறி இறங்கும் ஏர்பெட் போட்டிருக்கிறோம். இரவுப் பணிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சிஸ்டர் பணியாற்றிய அரசு வார்டில் இரவில் எத்தனை நோயாளிகளுக்கு எத்தனை செவிலியர்கள் இருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் எழுதினால் நாங்களும் கற்றுக்கொள்வோம்.

வார்டுசிஸ்டர் (இரவு 10.40)

குறைவாகத்தான் இருந்தார்கள். அதனால் செய்யாததைச் செய்ததாக எழுதும் உரிமை எங்களுக்கு வந்துவிடவில்லை.

நீங்களே கணக்கைக் கொடுத்துவிட்டீர்கள், அதையே போட்டுப் பார்ப்போம். ஒருவரைத் திருப்ப இருவர் வேண்டும். ஈரத் துணியையோ டயபரையோ மாற்றி, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்க எட்டு நிமிடமாவது ஆகும். பதினைந்து பேருக்கு நூற்றிருபது நிமிடம். கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளின் முறை வந்துவிடும். நடமாடும் மற்ற 27 பேரில் ஒருவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தால், அந்தச் சுற்று அத்தோடு போயிற்று. ஏர்பெட்டும் திருப்புவதற்கு மாற்று அல்ல. இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்க உதவும், அவ்வளவுதான்.

மூத்தமகள் (இரவு 10.48)

இதைத்தான் நானும் சொல்கிறேன், சிஸ்டர். முடியாத வேலையை முடித்ததாகக் காட்டுவதற்குத்தான் அந்தக் கையெழுத்து.

வார்டுசிஸ்டர் (இரவு 10.51)

நீங்கள் சொல்வது வேறு, நான் சொல்வது வேறு. ஆள் பற்றாக்குறைக்கு, இரவுப் பணியில் அட்டையை நிரப்பிய பெண்ணின் கையெழுத்தைக் குற்றம் சொல்லாதீர்கள் என்கிறேன்.

கடல்கடந்தவன் (இரவு 11.10)

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா நான்கு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். படுக்கையில் விழுந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. இதுவரை ஒரு புண் வந்ததில்லை. நல்லபடியாக நடப்பதைப் பற்றி யாரும் இழை தொடங்குவதில்லை. அக்கா, தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் மாதத்தில் எத்தனை நாள் அம்மாவைப் போய்ப் பார்த்தீர்கள்? நாணயம் அளவுக்குக் கறுக்கும் வரை உங்களுக்கும் தெரியவில்லை அல்லவா?

மூத்தமகள் (இரவு 11.34)

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. போகும்போதெல்லாம் அம்மாவைத் தலைவாரிப் பொட்டு வைத்து, சக்கரநாற்காலியில் உட்காரவைத்து முன்னறைக்கு அழைத்துவந்துவிடுவார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில்தான் புண் வந்துகொண்டிருந்தது. பேச்சு போய்விட்ட அம்மா இடக்கையால் என் முந்தானையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார்; வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார் என்று நினைத்து நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. என்னைக் குற்றம் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் பார்க்காத நாட்களில் பார்த்ததாக எழுதி வைத்த கையெழுத்தை நம்பித்தானே நான் ஞாயிறு வரை காத்திருந்தேன்?

சட்டக்கட்டு (இரவு 11.52)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டத்தில், முதியவரைக் கைவிடும் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று 24ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 19ஆம் பிரிவோ மாவட்டத்திற்கு ஒன்றாவது, ஆதரவற்றோர் 150 பேர் தங்கும்படி அரசு இல்லம் அமைப்பதைப் பற்றியது. பராமரிப்பு இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்க 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா சட்டமாகவே ஆகவில்லை. புகார் இருப்பவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மேற்குமலை (இரவு 12.03)

கைவிட்ட பிள்ளைகளுக்குத் தண்டனை என்பதைச் சட்டக்கட்டு நல்ல நேரத்தில் நினைவூட்டினார். சேர்த்துவிட்டுப் போனபின் ஆறு மாதம் எட்டிப் பார்க்காத பிள்ளைகளின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. பயிற்சி கொடுத்த பெண்கள் ஜவுளிக்கடையில் இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கிடைத்தால் அடுத்த மாதமே போய்விடுகிறார்கள். கட்டணத்தை ஆயிரம் ரூபாய் உயர்த்தினால் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள். எங்கள் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது.

மூத்தமகள் (இரவு 12.09)

ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாததுதான் என் புகாரே. எட்டு நிமிடக் கணக்கு உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஒரு சுற்றாவது தவறியிருக்க வேண்டும். தவறிய கட்டம் எங்கே?

கடல்கடந்தவரே, இங்கே விடியற்காலை மூன்று மணி என்றால் உங்களுக்கு முந்தைய நாள் மாலை ஐந்தரை. இன்று அந்த நேரத்தில் இல்லத்தை அழைத்து, அப்பா இப்போது எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

கடல்கடந்தவன் (இரவு 12.20)

என் அப்பாவின் இல்லத்தை நான் சந்தேகிக்க வேண்டும் என்று நீங்கள் ஏன் விரும்புகிறீர்கள் என்று புரியவில்லை, அக்கா. நான் அழைக்கப்போவதில்லை.

மேற்குமலை (இரவு 12.26)

பதிவேடு முறையாக இருக்கிறது என்று மறுபடியும் சொல்கிறேன்.

மூத்தமகள் (இரவு 12.27)

அம்மாவின் அட்டையும் முறையாகத்தான் இருந்தது, ஐயா. நான்கு மணிக்கு யார் வந்தார்கள்?