அப்பாவின் கத்தி மியூசியத்துக்கு உள்ளே, அப்பா மட்டும் வாசலில்: என்ன கேட்கலாம் என்று சொல்லுங்கள்

லயத்துப்பெண்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப் பட்டணத்தில் இருக்கிறோம். இங்கே பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டைச் சுத்தம் செய்து சின்னதாக ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள். அரசாங்கத்துடையது இல்லை, ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சனி ஞாயிறில் மட்டும் திறந்து வைக்கிறார்கள். நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது சுற்றிலும் செம்பனைதான், பால்மரம் (ரப்பர் மரம்) என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது.

அப்பாவுக்கு 72 வயது. கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் தோட்டத்து ஆட்களைக் கம்பி வேலிக்குள் குடிவைத்தபோது அதற்குள் பிறந்தவர். 31 வருடம் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. இனிப்பு நீர் நோயால் நாலு வருடத்துக்கு முன்பு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், அதிலிருந்து சக்கர நாற்காலிதான். மியூசியத்துக்குச் சாமான் சேர்க்கிறோம் என்று வீடு வீடாக வந்தபோது தன் பால்வெட்டும் கத்தி, நெற்றி விளக்கு, கட்டுச்சோறு கொண்டுபோன தூக்குச்சட்டி எல்லாம் எடுத்துக் கொடுத்தார். தோட்டத் தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக அமைச்சர் சம்பந்தன் 1960-இல் ஆரம்பித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பங்கு கட்டிய ரசீதுகூட அங்கேதான் இருக்கிறது.

போன மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் மூன்று படி. அங்கே இருந்த இரண்டு பையன்கள் ஓடி வந்து நாற்காலியோடு தூக்குகிறோம் என்றார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நாலு பேர் தூக்கித் தூக்கி வைத்தது போதும் என்று நினைத்திருப்பார். "நீ போயி பாத்துட்டு வாம்மா" என்று மாமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார். நான் கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டினேன். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "கத்தியை எப்படி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆட்களோடு சண்டை போட எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது, முட்டி வலியோ கண் புரையோ இல்லாத ஆள் இல்லை. அவர்கள் வாழ்ந்ததை வைத்துத் திறந்த இடத்துக்குள் அவர்களால் போக முடியவில்லை என்பது எனக்கு மனசு ஆறவே இல்லை. போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன். என்ன கேட்க வேண்டும், எவ்வளவு செலவு பிடிக்கிற வேலை, ஒரு சாய்தளம் போட்டால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ கட்டடக்காரர்:

தங்கச்சி, நான் கட்டட வேலையில் முப்பது வருடம் இருந்தவன், இப்போது ஓய்வு. சாய்தளத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். நம் நாட்டுத் தரநிலை எம்எஸ் 1184 சொல்வதும் அதுதான், ஒன்றுக்குப் பன்னிரண்டு. பழைய தோட்டத்து வீட்டுப் படி பெரும்பாலும் ஏழு அங்குலம் இருக்கும். மூன்று படி என்றால் 21 அங்குலம், அப்படியென்றால் 21 அடி நீளம் வேண்டும். முன்பக்கம் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். இல்லையென்றால் நடுவில் திரும்ப ஒரு மேடை வைத்து மடக்கித்தான் கட்ட வேண்டும், நாற்காலி திரும்புவதற்கு அந்த மேடை ஐந்தடிக்கு ஐந்தடியாவது இருக்க வேண்டும். செலவு ஏறும்.

பல இடத்தில் செய்கிற தப்பு என்னவென்றால், படிமேல் ஒரு பலகையைச் சாய்த்துவிட்டு சாய்தளம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆறடிப் பலகையில் 21 அங்குலம் ஏறினால் தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிட ஆபத்து, இறங்கும்போது முகம் குப்புற விழுவார். பேராக்கில் பெய்கிற மழைக்கு வெளியில் இருக்கிற சிமெண்டு ஆறு மாதத்தில் பாசி பிடித்து வழுக்கும், அதனால் மேல்பூச்சைச் சொரசொரப்பாக விட வேண்டும், ஓரத்தில் சக்கரம் நழுவாமல் சின்ன விளிம்பு கட்ட வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி.

அப்புறம் கதவு. சாதாரண சக்கர நாற்காலியே 26 அங்குலம் வரும், அதோடு ஓட்டுகிறவர் கை முட்டிக்கும் இடம் வேண்டும். திறந்த கதவில் 32 அங்குலமாவது இருக்கிறதா பாருங்கள். பழைய இரட்டைக் கதவு என்றால் ஒன்றைத்தான் திறந்து வைத்திருப்பார்கள், இரண்டையும் திறக்கச் சொன்னாலே பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீர்ந்துவிடும். காருக்கும் வாசலுக்கும் நடுவில் லோங்காங் (சாக்கடை) இருந்தால் அதன் மூடியில் உள்ள கம்பி இடைவெளியையும் பாருங்கள். முன்சக்கரம் சின்னது, அதில் மாட்டிக்கொள்ளும்.

கிராணிவீடு தொண்டர்:

வணக்கம் அக்கா. எழுதியதைப் படித்ததுமே எந்த இடம் என்று தெரிந்துவிட்டது, அன்றைக்கு ஓடி வந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். ஐயா மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தது என் மனதிலும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், திறப்பதற்கு முன்பே நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் நிலைமையையும் சொல்கிறேன். உண்டியல் காசில்தான் மின்சாரக் கட்டணம் கட்டுகிறோம். வீடு எங்களுடையதும் இல்லை, தோட்ட நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தது. அந்த மூன்று படியும் சிவப்புச் சிமெண்டுத் தரையும் அந்தக் காலத்தில் போட்டது அப்படியே இருக்கிறது, சம்பள நாளில் ஆட்கள் அந்தப் படியோரம்தான் வரிசையாக நிற்பார்களாம். அதை உடைக்க யாருக்கும் மனசு வராது. முன்பக்கம் கேட் வரை 14 அடிதான்.

ஆனால் சமையல்கட்டுப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது. அரிசி மூட்டை இறக்குகிற வழி. அங்கே ஒரே படி, இப்போதுதான் போய் அளந்துவிட்டு வந்தேன், ஐந்து அங்குலம். கதவு 35 அங்குலம். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா அண்ணே?

ஈப்போ கட்டடக்காரர்:

முடியும் தம்பி, தாராளமாக முடியும். ஐந்து அங்குலத்துக்கு ஐந்தடி, ஆறடி போட்டால் இன்னும் சுகம். சிமெண்டே வேண்டாம். மெராந்திக் கட்டையில் சட்டம் அடித்து மேலே சொரசொரப்பான அலுமினியத் தகடு போட்டுவிடலாம், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்காமல் தரையில் உட்காரும். பழைய கட்டடத்தில் இப்படிச் செய்வதுதான் சரி, நாளைக்கு வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், வீட்டுக்கு ஒரு கீறல் விழாது. அகலம் நாலடி வையுங்கள். மேலே ஏறினதும் கதவைத் திறக்க நாற்காலி நிற்கச் சமமான இடம் வேண்டும், அதை மறந்துவிட்டால் ஏறின ஆள் சரிவில் நின்றுகொண்டு கதவை இழுக்க வேண்டியிருக்கும். கதவு உள்பக்கம் திறந்தால் நல்லது. கேட்டிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் கல்லும் மணலும் என்றால் அதுதான் உண்மையான வேலை, ஒரு சிமெண்டுப் பாதை ஊற்றியே ஆக வேண்டும். ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன், கூலி வேண்டாம்.

நாலுசக்கரம்:

நான் பன்னிரண்டு வருடமாக நாற்காலியில் இருக்கிறேன், தைப்பிங். பின்வாசலாகக் கூட்டிப்போவது மரியாதைக் குறைவு என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை, பின்வாசலைப் பூட்டி வைத்துவிட்டுச் சாவி யாரிடம் என்று தேடுவதுதான் மரியாதைக் குறைவு. எத்தனை இடத்தில் வெயிலில் காத்திருந்திருக்கிறேன் தெரியுமா. திறந்திருக்கிற நேரம் முழுக்க அந்தக் கதவும் திறந்திருக்கட்டும். முன் கேட்டிலேயே அம்புக்குறி போட்டு எழுதி வையுங்கள். சாய்தளத்தின் முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த விடாதீர்கள். முடிந்தால் எல்லாரையுமே அந்த வழியாக வரச் சொல்லுங்கள், தோட்டத்துக் கதைக்குச் சமையல்கட்டு நல்ல தொடக்கம்தானே.

உள்ளே போனபிறகு பார்வை மட்டம். நான் உட்கார்ந்தால் என் கண் தரையிலிருந்து நாலடி உயரத்தில்கூட இல்லை. நின்று குனிந்து பார்க்கிற மாதிரி கண்ணாடிப் பெட்டியைப் படுக்க வைத்தால் எனக்குத் தெரிவது பெட்டியின் சட்டமும் விளக்கு வெளிச்சமும்தான். ஐயாவின் கத்தியைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள், எல்லாருக்கும் தெரியும். கழிப்பறை உட்காருகிற மாதிரி இல்லையென்றால் அதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள், பக்கத்தில் எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நாங்கள் முதலில் யோசிப்பது அதைத்தான். வயதானவர்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலி அறைக்கு ஒன்று போடுங்கள், கூட வந்த நாற்காலி இல்லாத ஆளுக்கும் கால் வலிக்கும்.

வெள்ளைத்தடி:

எனக்குப் பார்வை இல்லை, கைப்பேசி படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். சாய்தளம் எனக்கு வேண்டியதில்லை, படி ஏறிவிடுவேன். நான் கேட்பது வேறு. மியூசியம் என்றால் எனக்கு இதுவரை கண்ணாடியைத் தடவிவிட்டு வருவதுதான். கூட வருகிறவர் "இது கத்தி, இது வாளி" என்பார், முடிந்தது.

என் பாட்டியும் மரம் வெட்டியவர். பாட்டி கையில் இருந்த ஒட்டுப்பால் வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தொட்டுப் பார்க்க ஒரு மேசை போடுங்கள். மரத்தில் பட்டையைச் சரிவாக வெட்டியிருக்கிற ஒரு துண்டு, பால் வடிகிற அந்தக் கோட்டை விரலால் தடவ வேண்டும். பால் மங்கு, வாளி, முனை மழுக்கின ஒரு கத்தி, புகை போட்ட ரப்பர் ஷீட் ஒன்று, அதன் வாசமே ஒரு தோட்டத்தைக் கொண்டுவந்துவிடும். அபூர்வமான சாமானைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மேல் இருக்கிறதை மேசையில் வையுங்கள். இது சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

பிரெய்ல் பலகை செய்வதற்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. நான் பள்ளியில் படித்தது மலாய் பிரெய்ல், தமிழ் பிரெய்ல் எனக்கு வராது. வயதான பிறகு பார்வை போனவர்கள் பிரெய்லே படித்திருக்க மாட்டார்கள். அதைவிடக் குரல் பதிவு மலிவு. ஒவ்வொரு சாமானுக்கும் கொடுத்தவரையே இரண்டு நிமிடம் பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கியூஆர் குறியீடு ஒட்டினால் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் எப்போதும் ஒரே உயரத்தில், கையால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி விளிம்பு வைத்து ஒட்டுங்கள். பார்வை மங்கியவர்களுக்கு எழுத்து பெரிதாக, வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக.

கோலகங்சார் அக்கா:

என் மகனுக்குக் காது கேட்காது, வயது 19. குரல் பதிவு நல்ல யோசனை, ஆனால் அதோடு அதே பேச்சை எழுத்திலும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று, அதைத் தமிழில் மட்டும் எழுதினால் என் மகனுக்குப் பயன்படாது. அவன் பள்ளியில் கற்றது மலேசியச் சைகைமொழியும் மலாயும். வீட்டில் நாங்கள் எல்லாரும் தமிழ், அவனுக்குத் தமிழ் எழுத்து வரவில்லை. அதனால் அவன் தாத்தா கதை அவனுக்கு இதுவரை சரியாகப் போய்ச் சேரவே இல்லை. 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று எங்கள் ஊரில் இன்னமும் நிற்கிறது, அங்கே அழைத்துப் போய்க் கையைக் காட்டிக் காட்டித்தான் விளக்கினேன். மலாயிலும் இரண்டு வரி போடுங்கள். வருடத்துக்கு ஒருநாள் சைகைமொழி தெரிந்தவரை வரவழைத்துச் சுற்றிக் காட்டினால் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் வருவார்கள், நான் கூட்டி வருகிறேன்.

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, அதில் 26-ஆவது பிரிவு பொதுமக்கள் வருகிற கட்டடங்களைப் பற்றியது, 31 பண்பாட்டு வாழ்க்கையைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐநா உடன்படிக்கையையும் 2010-இல் நாடு உறுதிப்படுத்தியது. மீறினால் தண்டனை என்று அந்தச் சட்டத்தில் இல்லை, அதுதான் குறை. ஆனால் நிதிக்கு மனு எழுதும்போது இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ஊரில் ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) வைத்திருப்பவர்கள் சிலரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்தால் மனுவைப் புரட்டிப் பார்க்காமல் ஒதுக்க மாட்டார்கள்.

கிராணிவீடு தொண்டர்:

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். நேற்று ராத்திரி எங்கள் ஆட்கள் கூடிப் பேசினோம். வரும் சனிக்கிழமை சமையல்கட்டுக் கதவைத் திறந்துவிடுகிறோம், ஈப்போ அண்ணன் வந்து அளக்கிறார், மரக்கட்டை ஒருத்தர் தருகிறேன் என்றிருக்கிறார். கேட்டிலிருந்து பாதை ஊற்ற இரண்டு மாதமாவது ஆகும். அதுவரைக்கும் காரைச் சமையல்கட்டு வரைக்கும் கொண்டுவர வழி விடுகிறோம். தொடுகிற மேசைக்கு மரத்துண்டு கிடைத்துவிட்டது. அதில் எந்தச் சரிவில் வெட்டுவது என்று எங்களில் யாருக்கும் தெரியாது அக்கா. ஐயாவிடம் கேட்க முடியுமா? குரல் பதிவையும் அவரிடமிருந்தே ஆரம்பிக்க ஆசை.

லயத்துப்பெண்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் அப்பாவுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பாட்டி கையில் ஒட்டுப்பால் வாசம் என்று எழுதியிருந்ததைத் திரும்பவும் படிக்கச் சொன்னார். பின்வாசல் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கிராணி வீட்டுக்கு அந்தக் காலத்தில் தான் போனதே அந்த வழியாகத்தான், மூட்டை இறக்க, என்றார். முன்வாசல் பாதையும் ஒருநாள் வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன் தம்பி, கோபப்படாதீர்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறோம். மரத்தை வெட்டிக் காட்டத் தயார் என்கிறார், இடதுபக்கம் மேலே தொடங்கி வலதுபக்கம் கீழே இறங்க வேண்டுமாம், உட்கார்ந்துகொண்டே வெட்டத் தோதாக மரத்துண்டை முட்டி உயரத்தில் கட்டிவைக்கச் சொன்னார். இன்னொன்றும் கேட்கச் சொன்னார். கத்திக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறீர்களா, இல்லையென்றால் துரு ஏறியிருக்கும், சாணைக்கல்லைக் கையோடு கொண்டு வரட்டுமா என்கிறார்.