புதுப்பிப்பு: பின்வாசல் திறந்தாகிவிட்டது, பாதி நேரத்துக்கு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் பின்வாசலைப் பூட்டிவிட்டார்கள், காலனிப் பிள்ளைகள் பைபாஸ் ரோட்டைச் சுற்றி வருகிறார்கள், கேட்டால் 'மேலாண்மைக் குழுத் தீர்மானம்' என்கிறார்கள் என்று. "குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். பார்த்தேன்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால்வாசிப் பேராவது பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். எங்கள் பள்ளியிலும் காகிதத்தில் கணக்குச் சரி. ஆனால் உறுப்பினரான அக்கா ஒருவர், "தீர்மான நோட்டை வீட்டுக்கே கொடுத்தனுப்பினாங்க, கையெழுத்துப் போட்டேன்" என்றார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், பகல் கூட்டத்துக்கு எப்படி வருவார்?

நேற்றுக் கூட்டத்துக்கு ஒன்பது பேராகப் போனோம். தலைமை ஆசிரியர் சொன்ன காரணத்தையும் தள்ள முடியாது: ராத்திரியில் உள்ளே வந்து குடிக்கிறார்கள், காலையில் பாட்டில் சில்லைப் பொறுக்குவது சத்துணவு அம்மாதான். "அப்போ ராத்திரி மட்டும் பூட்டினா போதாதா சார்?" என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சரி, முடிவு இதுதான்: காலை 8.30 முதல் 9.30 வரை, அப்புறம் சாயங்காலம் பள்ளி விட்டதும் அரை மணி நேரம் வாசல் திறந்திருக்கும். சாவி சத்துணவு அம்மாவிடம். அடுத்த கூட்டம் மாலை 5 மணிக்கு என்றும் எழுத வைத்தோம். அக்கா இந்த முறை நோட்டை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினார். மதிலை உயர்த்தும் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பணம் வேண்டும், அது வேறு கதை.